இருவருக்கு ஒரே போர்வை

அத்தியாயம் ஏழு

ஈஸ்டர் நெருங்கினால் நார்வே நாட்டில் மூன்று சரக்குகள் கடையில் நிற்காது: ஆரஞ்சுப் பழம், ஆட்டுத் தொடை, கொலைக்கதைப் புத்தகம். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குடிலுக்கு ஏறிவிடும். பனியில் கால் நீட்டி வெயில் காய்ந்தபடி, யார் யாரை ஏன் கொன்றார்கள் என்று படித்துக்கொண்டிருக்கும். பால் பாக்கெட்டின் முதுகில்கூட ஒரு கொலை அச்சாகியிருக்கும். காலைக் காப்பிக்குப் பால் ஊற்றவேண்டும் என்றால் ஒரு பிணத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

இங்குன் அந்த வகையில் பெரிய படிப்பாளி. வோகோ கிராம நூலகத்தில் அவள் படிக்காத கொலை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதை நூலகத்து அம்மாள் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

அப்படிப்பட்டவளைப் போன வாரம் எங்கே விட்டுவிட்டு வந்தோம்? சமையலறையில், கையில் காப்பிக் கோப்பையோடு, திறந்த வாய் மூடாமல். காரணம், நாத்தனார் சொல்வெய் கொண்டுவந்த சேதி. சொல்வெய் ஓட்டா நகரத்தில் படுக்கைக் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய சொந்த அண்ணன், அதாவது இங்குனின் கணவர் ஆஸ்முண்ட், அந்தக் கடைக்குள் திருடனைப்போல் நுழைந்து, இரண்டு பேர் படுக்கும் அகலத்தில் ஒரே ஒரு இறகுப் போர்வை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்!

வோகோ பள்ளத்தாக்கில் கல்யாணமானவர்கள் ஒரே வீட்டில் இருப்பார்கள், ஒரே கட்டிலில் படுப்பார்கள், கடைசியில் ஒரே கல்லறைக்குள்ளும் போய்ச் சேருவார்கள். போர்வை மட்டும் ஆளுக்கொன்று. ராஜா ராணியானாலும் அப்படித்தான், ரொட்டிக் கடைக்காரரும் அவர் மனைவியுமானாலும் அப்படித்தான். முப்பத்து நாலு வருஷமாக ஆஸ்முண்டின் போர்வை அவர் பக்கம், இங்குனின் போர்வை இவள் பக்கம். எல்லை தாண்டி வந்தது அவருடைய பாதங்கள் மட்டும்தான். அதுவும் ஜனவரியில்.

அப்புறம் ஒரே போர்வை யாருக்கு? அங்கேதான் கத்தி செருகியிருந்தது. ஒரே போர்வை கேட்பவர்கள் இரண்டே ஜாதி. வெளிநாட்டுக்காரர்கள் ஒன்று, புதிதாகக் காதல் பிடித்தவர்கள் இன்னொன்று. ஆஸ்முண்ட் ஓட்டாவைத் தாண்டி வெளியூர் போனதே பல் பிடுங்கத்தான். ஆக, மிச்சமிருப்பது எது?

சனிக்கிழமை விடிந்தது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய நாள்.

ஆஸ்முண்ட் சவரம் செய்துகொண்டிருந்தார். சும்மா சவரம் இல்லை, காது மயிரைக்கூட வெட்டிக்கொண்டிருந்தார். கூடவே விசில் வேறு. அந்த வீட்டில் விசில் சத்தம் கேட்டால் கெட்டில்தான் கொதிக்கிறது என்று அர்த்தம். இங்குன் ஓடிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கெட்டில் காலியாக இருந்தது.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள்.

"குடிலுக்கு. கூரையில பனி ஏறிக் கிடக்கும். தள்ளிட்டு வரேன்."

"பனி தள்றதுக்குக் காது மயிரா வெட்டணும்?"

"காதுல பனி போய் அடைஞ்சுக்கும்," என்றார் ஆஸ்முண்ட், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

யோசிக்காமல் பதில் சொல்கிறவன்தான் குற்றவாளி. இங்குன் படித்த எழுநூறு புத்தகமும் ஒரே குரலில் அதைச் சொல்லின.

"நானும் வரட்டுமா? வெயில் நல்லா இருக்கு."

சவரக் கத்தி நின்றது. "வேணாம் வேணாம்! உனக்கு முட்டி வலி இருக்கே."

முட்டி வலி அவருக்குத்தான். இங்குனுக்கு முட்டியே இரும்பு. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஆமாம், ஆமாம்," என்று முட்டியைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய வண்டி திருப்பத்தில் மறைகிறவரை நொண்டிக்கூடக் காட்டினாள்.

மறைந்ததும் எழுந்து பையை எடுத்தாள்.

பையின் ஒரு பக்கத்தில் வேவு பார்க்கத் தேவையானவை: ஃபிளாஸ்க்கில் காப்பி, இரண்டு ஆரஞ்சு, பைனாகுலர். இன்னொரு பக்கத்தில் போய்விடத் தேவையானவை: மாற்றுத் துணி, பல் துலக்கும் பிரஷ், அவள் அம்மாவின் வெள்ளி மார்ப்பதக்கம். மேலே கண்ணால் பார்க்கப்போவது அவள் நினைத்ததேதான் என்றால் திரும்பி இந்த வீட்டுக்குள் காலடி வைப்பதாக இல்லை. மலையின் மறுபக்கமாகச் சறுக்கி இறங்கினால் ரயில் நிலையம். அங்கிருந்து ட்ரொண்ஹெய்மில் மகள் வீடு. மகளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பதக்கத்தை ஒருமுறை வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே வைத்தாள். கதை படிக்கும்போது வருகிற இனிப்பான பயம் அல்ல இது.

வாசலில் கார் ஹாரன். சொல்வெய்!

"கடை இல்லையா உனக்கு இன்னைக்கு?"

"கடை எங்கடி ஓடிப்போகுது? ஓடிப்போறது எங்கண்ணன்தான். ஏறு."

கார் ஆற்றோரமாகப் பறந்தது. சொல்வெய்க்கு வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்க்கும் பழக்கம் கிடையாது. பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். எதிரே வந்த பால் லாரி பயந்துபோய் ஒதுங்கியது.

"யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள்.

"யாரு?"

"குதிரைக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்காளே, அந்த டேனிஷ்காரி."

"போடி. அவ பேசறது ஒரு வார்த்தை நமக்குப் புரியுமா? தொண்டையில உருளைக்கிழங்கு மாட்டின மாதிரி பேசுவா."

"காதலுக்குப் பேச்சு எதுக்கு?"

"டேனிஷ்காரங்களும் ஆளுக்கொரு போர்வைதானே?"

சொல்வெய் ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் படுக்கைக் கடை வைத்திருப்பவளைப் போர்வையால் மடக்க முடியுமா? "அவ பாரிஸ்ல படிச்சவளாம்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அங்கல்லாம் ஒரே போர்வைக்குள்ள நாலு பேர்கூடப் படுப்பாங்களாம்."

"நாலு பேரா!"

"அந்த ஊர் சீஸ் அப்படி. சூடு ஏறிப்போகும்."

இங்குன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆஸ்முண்டுக்கு டேனிஷ்காரியா? நடக்காது. ஆனால் போன மாதம் குதிரையே இல்லாத ஆஸ்முண்ட் ஒரு நாள் குதிரை லாயத்திலிருந்து திரும்பிவந்தாரே, அது ஏன்? "ஆணி கேட்கப் போனேன்," என்று சொன்னாரே. கொண்டுவந்த ஆணி எங்கே?

பனி வழித்த பாதை முடிகிற இடத்தில் ஆஸ்முண்டின் வண்டி நின்றிருந்தது. சொல்வெய் இறங்கித் தன் பனிச்சறுக்குக் கட்டைகளையும் உருவப் பார்த்தாள்.

"நீ இங்கயே இரு," என்றாள் இங்குன்.

"ஏன்டி? நான் சாட்சி!"

"நீ வந்தா ஊரே வந்த மாதிரி. உன் வாயில ஒரு சேதி விழுந்தா சாயங்காலத்துக்குள்ள ஆஸ்லோவுக்குப் போயிடும். இந்தா ஆரஞ்சு, உரிச்சுத் தின்னு."

சொல்வெய் முகத்தைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தாள். ஆரஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மேலே போகிற சரிவில் இங்குன் தன் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு தனியாக ஏறினாள். பனி சர்க்கரைபோல் மின்னியது. முதல் வளைவிலேயே அவளுக்கு மூச்சு நின்றது. மேட்டினாலில்லை. பனியில் பதிந்திருந்த தடத்தினால்.

ஒரு ஜோடித் தடம் இல்லை. இரண்டு ஜோடி.

ஒன்று ஆஸ்முண்டுடையது. இடது கட்டையை உள்பக்கமாக இழுத்து, வாத்து போகிற மாதிரி போவார், உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி வராது. பக்கத்தில் இன்னொன்று. அடி குட்டை, பதிவும் மெலிசு. ஊன்றுகோல் குத்திய குழிகள்கூடச் சின்னச் சின்னதாய், நாசூக்காய்.

"சின்ன உருவம்," என்று முணுமுணுத்தாள் இங்குன். "எடை கம்மி. அவசரம் இல்ல. கூடக்கூடவே போயிருக்கா."

நடுவில் ஓரிடத்தில் இரண்டு தடமும் நின்று பனி கலைந்திருந்தது. அங்கே ஆரஞ்சுத் தோல் கிடந்தது. ஆஸ்முண்ட் ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறார்! இவளுக்கு உரித்துக் கொடுத்தது, மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில். அதிலும் பாதியை அவரே தின்றார்.

அப்புறம் அவள் ஏறிய வேகத்தை ஒலிம்பிக்காரர்கள் பார்த்திருந்தால் தங்கத்தை அங்கேயே உருக்கிக் கொடுத்திருப்பார்கள்.

குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை சுருண்டது. கூரையில் பனி அப்படியே இருந்தது. ஒரு கரண்டிகூடத் தள்ளவில்லை.

கெட்டிக்காரத் துப்பறிவாளர்கள் நேரே வீட்டுக்குள் நுழைவதில்லை. சுற்றுப்புறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்குன் கட்டைகளைக் கழற்றிச் சத்தமில்லாமல் பனியில் குத்திவிட்டு, பின்பக்கத்துக் கழிப்பறைக்குப் போனாள். இருதய வடிவத்தில் துளை போட்ட பழைய கதவு. உள்ளே ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, அந்தக் காலத்துப் பெரியவர்கள் வைத்தது. ஒன்றில்தான் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. இன்னொன்றைப் பலகையால் மூடி, மேலே பழைய செய்தித்தாளை அடுக்கியிருந்தார்கள்.

இப்போது மூடி இல்லை. செய்தித்தாளும் இல்லை. இரண்டு ஓட்டையிலும் உட்கார்ந்தால் குளிர் தாக்காமலிருக்கப் புத்தம்புதுத் தெர்மோகோல் வளையங்கள். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. சுவரில் உலர்ந்த பூங்கொத்து!

இங்குனுக்கு அங்கேதான் அழுகை வந்தது. இத்தனை வருஷமாக அவளுடைய வளையம் ஓரம் உடைந்தே கிடந்தது. மாற்று, மாற்று என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சொன்னாள். உடைந்த ஓரம் எந்தப் பக்கம் கடிக்கும் என்று அவள் உடம்புக்கே மனப்பாடம். யாரோ ஒரு சிறுக்கிக்குப் புதுசு, அதுவும் பூவோடு!

மூக்கைச் சிந்திக்கொண்டு குடிலின் ஜன்னலடிக்குப் போனாள். பட்டப்பகலில் உள்ளே எட்டு மெழுகுவர்த்தி எரிந்தது. மேஜையில் இரண்டு கோப்பை, வாஃபிள் அப்பம், பழுப்புச் சீஸ். கட்டில் அந்தக் கோடியில். கட்டிலின்மேல் அந்தப் போர்வை, பனிக்குன்றுபோல் வெள்ளையாய். அதற்கடியில் இரண்டு மேடு.

மேடுகள் அசைந்தன.

கதவு ஒரு விரல் திறந்திருந்தது. குரல் கேட்டது. ஆஸ்முண்டின் குரல், தேனில் தோய்த்த மாதிரி.

"இன்னும் கிட்ட வா. அப்பத்தான் பத்தும்."

பதிலுக்கு ஒரு கீச்சுக் குரல். "உன் கால் ஐஸ்கட்டியாட்டம் இருக்கு!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. பழகிடும்."

"எல்லாத்தையும் நீயே இழுத்துக்கறே!"

"இழுக்கலை. தானா வருது."

பைக்குள்ளிருந்த பதக்கம் இங்குனின் முதுகில் குத்தியது. இப்படியே திரும்பி ரயிலுக்குப் போய்விடலாம். போவதுதான் கௌரவம். ஆனால் எந்தக் கொலைக்கதையையாவது கடைசிப் பக்கம் பார்க்காமல் அவள் மூடியிருக்கிறாளா? ஊன்றுகோலை ஈட்டிபோலப் பிடித்துக்கொண்டு கதவை உதைத்தாள்.

"எழுந்திருடி வெளியே!"

போர்வை எரிமலைபோல் எழும்பியது. இரண்டு தலைகள் வெளியே வந்தன. ஒன்று ஆஸ்முண்டின் வழுக்கைத் தலை. இன்னொன்றில் மீசை இருந்தது.

டோர்ஸ்டைன். பக்கத்துப் பண்ணை. அறுபத்தெட்டு வயது, கல்யாணமே ஆகாதவர், ஆள் ஒரு பிடி உயரம், அவருடைய ஆடுகளே அவரைவிட எடை அதிகம். நீளக் கம்பளி உள்ளாடையோடு போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டார்.

"இங்குன்," என்றார் கீச்சுக் குரலில், "நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"நான் எதை நினைக்கிறதுன்னே தெரியாம நிக்கறேன், டோர்ஸ்டைன்!"

"பரிசோதனை," என்றார் ஆஸ்முண்ட்.

"என்ன பரிசோதனை?"

"ரெண்டு பேருக்கு ஒரு போர்வை பத்துமான்னு. பத்தல. நடுவுல குளிர்காத்து நுழையுது."

"நுழையுது," என்று சாட்சி சொன்னார் டோர்ஸ்டைன். "உன் புருஷன் உருண்டா எனக்கு ஒண்ணுமே மிஞ்சல. வெளிநாட்டுக்காரங்க எப்படித்தான் குடும்பம் நடத்தறாங்களோ!"

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது, உறைந்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி. ஆஸ்முண்ட் குடிலை விடுமுறை நாட்களில் வாடகைக்கு விடப்போகிறாராம். வெளிநாட்டு ஜோடிகளுக்கு மட்டும். ஜோடிகளாக வந்து, காதலாக இருந்துவிட்டுப் போகலாமாம். கம்ப்யூட்டரில் படம்கூடப் போட்டாயிற்று. வருகிற வியாழக்கிழமை ஒரு டச்சு ஜோடி வருகிறது.

இங்குன் ஊன்றுகோலைக் கீழே வைத்தாள். மர பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று முகத்துக்கு விளங்கவில்லை.

"காதலா இருந்துட்டுப் போகணுமா. நீயா அதுக்கு ஏற்பாடு?"

"ஏன், எனக்குத் தெரியாதா?" ஆஸ்முண்ட் உற்சாகமாகிவிட்டார். கட்டிலைவிட்டு இறங்கிக் கால்சட்டையில் ஒரு காலை நுழைத்தார். "காலையில எழுந்ததும் ரெண்டு பேரும் விறகு பிளப்பாங்க. ரெண்டு கோடாலி தீட்டி வச்சிருக்கேன்."

"காதலுக்குக் கோடாலியா!"

"அப்புறம் வெளியில உக்கார்ந்து மலையப் பார்ப்பாங்க."

"பார்த்துட்டு?"

"பார்ப்பாங்க. பேசாம."

"எவ்வளவு நேரம்?"

"இருட்ற வரைக்கும்," என்றார் ஆஸ்முண்ட், அதைவிடச் சொர்க்கம் வேறு உண்டா என்கிற முகத்தோடு. "நடுவுல தேவைப்பட்டா ஜோடியா கழிப்பறைக்குப் போகலாம். பூ வச்சிருக்கேன்."

"பார்த்தேன்."

அவள் சொன்ன விதத்தில் டோர்ஸ்டைனுக்கு ஏதோ புரிந்தது. கல்யாணமாகாதவர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் புரியும். அதனால்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆவதில்லை. சத்தமில்லாமல் உடுத்திக்கொண்டார், ஒரு வாஃபிளை எடுத்து மார்புப் பையில் வைத்துக்கொண்டார், "ஆட்டுக்கு வைக்கோல் போடணும்," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியேறினார்.

இங்குன் கைக்கெட்டிய ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் இங்குன்.

"நீ சிரிப்பே."

"சிரிச்சாத்தான் என்ன?"

"சிரிச்சுட்டு சொல்வெய்கிட்டே சொல்லுவே. அவ ஊருக்கே சொல்லுவா. 'ரோட்டுல பனி வழிக்கிற வண்டி ஓட்டின கிழவன் காதல் கடை போட்டிருக்கான்'னு சொல்லுவாங்க."

நியாயம்தான். அதனால்தான் இங்குனுக்குக் கோபம் இன்னும் பொங்கியது. "எனக்கு என்னைக்காவது ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கியா?"

ஆஸ்முண்ட் நேர்மையாக யோசித்தார். "கரண்ட் போனப்ப வச்சேனே."

"யாரோ டச்சுக்காரிக்குப் பூ! எனக்கு உடைஞ்ச வளையம்! நான் இந்தப் பையில என்னென்ன எடுத்து வச்சுக்கிட்டு மேலே ஏறினேன் தெரியுமா உனக்கு?" பையைக் கவிழ்த்தாள். பல் பிரஷும் மாற்றுத் துணியும் விழுந்தன. கடைசியில் அம்மாவின் வெள்ளிப் பதக்கம் கலகலவென்று தரையில் உருண்டு நின்றது.

ஆஸ்முண்ட் அதைப் பார்த்தார். அந்தப் பதக்கம் பெட்டியைவிட்டு வெளியே வருவது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். இன்னொரு காலைக் கால்சட்டைக்குள் விட மறந்து, அப்படியே நின்றார்.

"போயிடலாம்னு வந்தியா?"

"இன்னும் முடிவு பண்ணல."

அவர் குனிந்து பதக்கத்தை எடுத்தார். முட்டி வலியோடு குனிந்ததால் ரொம்ப நேரம் ஆனது. சட்டையில் துடைத்து அவள் கையில் வைத்தார். "போகாதே," என்றார். அவ்வளவுதான். வோகோ பள்ளத்தாக்கில் அது ஒரு காவியம். சில ஆண்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலேயே பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

இங்குன் பதக்கத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா ஒண்ணு பண்ணு. வியாழக்கிழமை வர்றவங்களைத் தள்ளிப் போடு. இந்தக் காதல் குடில்ல முதல் ஜோடி நாம. நாளையிலேருந்து ஈஸ்டர் முடியற வரைக்கும். விறகு நீயே பிளப்பே. மலையை நான் பார்ப்பேன்."

"தள்ளிப் போடறதா?" ஆஸ்முண்ட் அவசரமாக இன்னொரு காலையும் கால்சட்டைக்குள் விட்டார். "அவங்க... டிக்கெட்டெல்லாம் எடுத்திருப்பாங்களே."

"போன் பண்ணிக் கேளு."

"இப்பவா?"

"இப்பவே."

குடிலுக்குள் போன் எடுக்காது. வெளியே விறகு அடுக்கின் உச்சியில் ஏறி, கிழக்கே திரும்பி நின்றால்தான் சிக்னல் கோடுகள் காட்டும். ஆஸ்முண்ட் மேல்கோட்டு மாட்டி, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

இங்குனுக்கு நெஞ்சில் கட்டியிருந்த பனி இறங்கத் தொடங்கியது. வாஃபிள்மேல் பழுப்புச் சீஸை வழித்துப் போட்டு ஒரு கடி கடித்தாள். சுவரிலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்து, கூந்தலை அவிழ்த்து மறுபடியும் முடிந்தாள். பாவம், கீழே சொல்வெய் தோல்கூட மிச்சம் வைக்காமல் ஆரஞ்சைத் தின்றுவிட்டு உறைந்து கிடப்பாள். போய், ஒன்றுமில்லை, டோர்ஸ்டைன்தான் என்று சொன்னால் நம்புவாளா? அந்த முகத்தை நினைத்துத் தனியே சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தாள்.

விறகு அடுக்கின் உச்சியில் ஆஸ்முண்ட் நின்றிருந்தார். பேசிக்கொண்டிருந்தார்.

ஆஸ்முண்டுக்குத் தெரிந்த வெளிநாட்டுப் பாஷையே இங்கிலீஷில் மூன்று வார்த்தைதான்: யெஸ், நோ, தேங்க்யூ. மூன்றையும் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் அவர் வாய் மாவரைக்கிற மில்போல ஓடிக்கொண்டிருந்தது. கையை வீசி ஏதோ விளக்கினார். நின்று கேட்டார். திரும்பக் கெஞ்சுகிற மாதிரி தோளைக் குறுக்கினார். அப்புறம் அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

இங்குன் வாஃபிளைக் கீழே வைத்தாள். அந்தச் சிரிப்பை அவள் கல்யாணமான முதல் கோடையில் கேட்டிருக்கிறாள். அப்புறம் அது எங்கே போனது என்று தேடியதுகூட இல்லை.

அதோடு விடவில்லை அவர். அந்தக் குளிரில், கண்ணிமை ஒட்டிக்கொள்கிற காற்றில், மெதுவாகக் கையை உயர்த்திக் குல்லாயைக் கழற்றினார். பக்கத்து விறகுக் கட்டைமேல் பணிவாக வைத்தார். வழுக்கைத் தலையிலிருந்து ஆவி பறக்க, தேவாலயத்தில் நிற்கிறவர்போல் நின்று இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார்.

இங்குன் ஜன்னலைவிட்டு விலகிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பதக்கத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. பனியை உதறிக்கொண்டு ஆஸ்முண்ட் உள்ளே வந்தார். அவள் கண்ணைப் பார்க்காமல் போனைப் பைக்குள் போட்டார்.

"எடுக்கவே இல்ல," என்றார். "மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. டச்சுக்காரங்க பாரு, எங்கயாவது ஊர் சுத்தப் போயிருப்பாங்க. அப்புறமா பண்றேன்."

"அப்படியா."

"ஆமா. வாஃபிள் எப்படி இருக்கு?"

"ஆஸ்முண்ட்."

"ம்?"

"உன் குல்லாய் விறகு மேலயே கிடக்கு."

அவர் கை அனிச்சையாக வழுக்கைத் தலைக்குப் போனது. மயிர் வெட்டிய அந்தக் காதுகள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தன. குளிருக்குச் சிவப்பது வேறு, இது வேறு. இங்குனுக்கு வித்தியாசம் தெரியும்.

"எடுக்காத போனுக்கு," என்றாள் இங்குன், ரொம்ப நிதானமாக, "எந்த மனுஷன் குல்லாயைக் கழட்டி மரியாதை பண்ணுவான்?"